சத்தார் பாயின் குருட்டு ஆணி

அன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்த காரியம் பென்சில் சீவியது. பரீட்சைத் தாள்கள் கட்டுக்கட்டாக மேசைமேல் கிடந்தன. சிவப்புப் பென்சிலின் முனை மழுங்கியிருந்தது. சன்னலோரம் போய் நின்று சத்தார் பாய் செய்து கொடுத்த மடக்குக் கத்தியை எடுத்தேன். விரிப்பதற்கு முன் அதன் பித்தளைப் பூணைக் கட்டைவிரல் நகத்தால் ஒருமுறை வருடினேன். பழக்கம். நகம் எதிலும் தட்டவில்லை. பென்சிலில் இரண்டு சீவல் விழுந்திருக்கும், கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. பாயின் மருமகன், ஷாகிராவின் கணவர் யூசுப் வாசலில் நின்றார். தலையில் தொப்பி இருந்தது, காலில் செருப்பு இல்லை.

"மாமா போய்ட்டாரு டீச்சரம்மா. விடிகாலைத் தொழுகை நேரத்துல. ஷாகிரா உங்களுக்குச் சொல்லிட்டு வரச் சொன்னா."

காய்ச்சல் என்று தெரியும். இறங்கிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். யூசுபிடம் என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில்லை. அவர் போன பிறகு உள்ளே வந்து பென்சிலை முழுதாகச் சீவி முடித்தேன். அழவேண்டும் என்று தோன்றவில்லை. வருஷக் கடைசி, எல்லாவற்றுக்கும் பின்னால் ஓர் அலுப்பு உட்கார்ந்திருக்கிற காலம். துக்கமும் அந்த அலுப்பைத் தாண்டித்தான் வரவேண்டியிருந்தது.

ஆம்பூர் தோல் மண்டிகளில் இதைப் படிக்கும் பலரின் சட்டைப் பையில் சத்தார் பாயின் கத்தி இருக்கும். கையில் எடுத்துப் பாருங்கள். அலகும் கைப்பிடியும் சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் பித்தளைப் பூண் இருக்கிறது. மடக்குக் கத்தியில் அதிகம் அடிபடும் இடம் அதுதான். பூண் ஆடினால் அலகு ஆடும். அலகு ஆடினால் ஒருநாள் அது விரல்மேல் மடங்கும். மற்றப் பட்டறைகளில் வெளியே தெரியும்படி ஆணி அடித்துப் பூணை நிறுத்துவார்கள். சத்தார் பாயின் ஆணி தெரியாது. பூணிலும் அதன் அடியில் உள்ள தகட்டிலும் ஒரே நேராக இரண்டு துளை போடுவார். பூணின் வெளிமுகத்தில் மட்டும் துளையின் வாயைப் புனல்போல் சற்று அகட்டுவார். ஆணியைச் செருகி, தலையை மயிரிழை உயரம் வெளியே விட்டு, சின்னச் சுத்தியலால் தட்டத் தொடங்குவார். ஓங்கி அடிக்கமாட்டார். தட்டத் தட்ட ஆணியின் தலை பரந்து அந்தப் புனலை நிரப்பிக்கொள்ளும். பிறகு அரம், பிறகு மெருகு. எல்லாம் முடிந்தபின் ஆணி எங்கே என்று கேட்டால் அவரே திணறுவார். அவர் பட்டறையில் அதற்குக் குருட்டு ஆணி என்று பெயர்.

அதில் ஒரு கண்டிப்பு உண்டு. பூணை எந்தப் பித்தளைத் தகட்டிலிருந்து வெட்டினாரோ, அதே தகட்டின் ஓரத்திலிருந்துதான் ஆணியையும் வெட்டவேண்டும். பித்தளைக்குப் பித்தளை நிறம் மாறும். செம்பு ஜாஸ்தியானால் சிவக்கும், கம்மியானால் வெளுக்கும். "பூணும் ஆணியும் ஒரே தாய் வயித்துப் பிள்ளையா இருக்கணும் டீச்சரம்மா. இல்லாட்டி, தோல் பதனிடுற பட்டைத் தண்ணியில ஊறின கை நாலு மாசம் பிடிச்சா போதும், ஆணி தன்னைக் காட்டிக் குடுத்துடும்" என்பார்.

நான் இந்த ஊர்ப் பெண்கள் பள்ளிக்கு வந்த புதிதில், குடையை மடக்கிக்கொண்டு தெருமுனையைக் கடந்தபோது ஒரு குரல் தடுத்தது. "பி.ஏ. படிச்ச டீச்சரம்மா நீங்கதானே? கொஞ்சம் இப்படி வாங்க. இந்தப் பூண்ல ஆணி எங்க இருக்குது, சொல்லுங்க." மருதாணி பூசிய தாடியும் மடிப்புக் கலையாத சட்டையுமாக ஒருவர் பட்டறை வாசலில் உட்கார்ந்திருந்தார். கத்தியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"தெரியுதா?"

"தெரியல."

"அப்ப பூண் எப்படி நிக்குது? துவா ஓதி ஒட்டினேனா?"

பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. அதை அவர் கவனிக்கக்கூட இல்லை. அவ்வளவு சந்தோஷத்தில் இருந்தார். மறுநாளும் கூப்பிட்டார். பிறகு அது வழக்கமாயிற்று. பள்ளி விட்டு வரும்போது முடிந்த கத்தி ஒன்றை நீட்டுவார். "தெரியுதா?" "தெரியல, பாய்." அந்த ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டு கத்தியைத் துணியில் சுற்றுவார். என் கண் கூர்மையானது என்று அவர் ஊரெல்லாம் சொன்னார். "டீச்சரம்மா கண்ணுக்குத் தப்பிச்சா, கலெக்டர் கண்ணுக்கும் தப்பிச்சுது." அடக்கம் என்பது அவரிடம் மருந்துக்கும் கிடையாது. தன் கத்தியைப் புகழ இன்னொருவர் வாய்திறக்கும் வரை காத்திருக்கும் பொறுமையும் கிடையாது.

ஒருமுறை பள்ளி விழாவில் பிள்ளைகளுக்குக் குருட்டு ஆணியை உதாரணமாகச் சொல்லிப் பேசினேன். வெளியே தெரியாமல் எல்லாவற்றையும் தாங்கி நிற்பவர்கள் உண்டு, நாமும் அப்படி இருக்கவேண்டும் என்பதுபோல ஏதோ. செய்தி எப்படியோ பட்டறைக்குப் போய்விட்டது. "ஆணியை வச்சு பயான் பண்ணீங்களாமே" என்று மறுநாள் பிடித்துக்கொண்டார். "அது தியாகம் பண்ணல டீச்சரம்மா. அது பித்தளை. ஆணித் தலை துருத்திக்கிட்டு இருந்தா பிடிக்கிறவன் கையில இடிக்கும், அதனால மறைக்கிறேன். மீதி எல்லாம் என் பெருமைக்கு." அதன் பிறகு எந்தப் பொருளையும் உதாரணம் காட்டிப் பேசும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்து வருகிறது.

அவர் பார்வை எப்போது மங்கத் தொடங்கியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. டீக் கிளாசை வைக்கும்போது பலகையின் விளிம்பைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வைப்பார். கேட்டால், உலைப் புகை கண்ணில் பட்டது என்பார். வெளிச்சம் கம்மி என்பார். ராத்திரி தூக்கமில்லை என்பார். "தெரியுதா?" என்று அவர் கேட்பதும் நான் "தெரியல" என்பதும் நடந்துகொண்டே இருந்தன. ஆணிகளும் உண்மையிலேயே தெரியவில்லை. விரல் நுனி அவருக்குக் கண்ணைவிட ஒழுங்காக வேலை செய்தது. அரம் பிடித்த இடத்தை நகத்தால் வருடி, தட்டினால் மறுபடி அரம் பிடிப்பார். மெருகு முன்னைவிட நன்றாகவே இருந்தது என்று சொல்வேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அந்த வழக்கம் உடைந்தது. மண்டிக்காரர் ஒருவர் வெளியூர் வியாபாரிகளுக்கு அன்பளிப்பாகக் கொடுக்க ஒரு டஜன் கத்தி கேட்டிருந்தார். பன்னிரண்டும் முடிந்து வரிசையாகக் கிடந்தன. பாய் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"தெரியுதா?"

"தெரியல" என்பது வழக்கம்போல நாக்குவரை வந்துவிட்டது. அதற்குள் பார்த்துவிட்டேன். சிவந்த பூணில் வெளிறிய இரண்டு புள்ளிகள், கடுகைப்போல. இன்னொன்றை எடுத்தேன். அதிலும் இரண்டு. எல்லாவற்றிலும் இருந்தன.

"தெரியுது, பாய்."

"விளையாடாதீங்க டீச்சரம்மா."

"விளையாடல. ரெண்டு ஆணியும் தெரியுது."

கத்தியை வாங்கி நகத்தால் வருடினார். "வழவழன்னு இருக்குதே. எதுவும் தட்டலியே."

"நகத்துக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியுது."

கத்தியை முகத்தருகே கொண்டுபோனார். விலக்கினார். வாசல் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு, பக்கத்தில் இருந்த யூசுபுக்குக் கேட்காத குரலில், "இன்னா கலர்?" என்றார்.

வாழ்நாள் முழுதும் பித்தளையோடு இருந்த மனிதர் பித்தளையின் நிறத்தை என்னிடம் கேட்டார். நான் சொன்னேன். பூண் சிவப்பு, ஆணி மஞ்சள். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. தகட்டின் ஓரத்தில் வெட்டி வைத்த துண்டுகளுக்குப் பக்கத்திலேயே வேலூர் லாங் பஜாரில் வாங்கி வந்த பித்தளைக் கம்பியும் கிடந்திருக்கிறது. கம்பியை நறுக்கினால் தடிமனும் அதே, வழவழப்பும் அதே. விரலுக்கு வித்தியாசம் கிடையாது. உள்ளேயிருந்து அவர் மகள் ஷாகிரா வந்தாள். பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பாவா, எத்தனை நாளா இப்படி?" என்று அப்பாவிடம் கேட்டாள்.

பூணைக் கழற்றினால் கொம்பில் செய்த கைப்பிடி பிளந்துவிடும். மறுநாள் காலை மண்டிக்காரர் வருகிறார். "நானே சொல்லிடறேன்" என்றார் பாய். "சத்தாருக்குக் கண்ணு போச்சுன்னு மத்தவங்க சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். அப்புறம் ஆர்டர் வந்தா வருது." வராது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கண் இல்லாதவன் செய்த கத்தியை நம்பி யார் பையில் வைத்துக்கொள்வார்கள்? அந்தப் பட்டறையை நம்பி இருந்த வீடு அது.

ஞாயிற்றுக்கிழமை நானும் போயிருந்தேன். மண்டிக்காரர் வண்டியை விட்டு இறங்கும்போதே பாய் எழுந்து நின்றார். "சாப், ஒரு விஷயம் சொல்லணும்."

மண்டிக்காரர் அதற்குள் கத்தியைக் கையில் எடுத்துவிட்டார். "அரே, இன்னா பாய் இது? புதுசா பொட்டு வச்சிருக்கே. ஜோரா இருக்குதே."

"சாப், அது வந்து..."

"இத்தனை வருஷமா ஏன் இதைச் செய்யல? மொட்டையாவே குடுத்துக்கிட்டிருந்தியே. அடுத்த தடவையும் இதே மாதிரி போடு. ரெண்டு பொட்டு. பெயரே வச்சிடலாம், பொட்டுக் கத்தின்னு."

வண்டி தெருமுனை திரும்பும்வரை பாய் நின்றுகொண்டே இருந்தார். பிறகு மெதுவாகப் பலகையைத் தடவி உட்கார்ந்தார். முதலில் சிரித்தார். யூசுபும் சிரித்தார். பாயின் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "பாருங்க டீச்சரம்மா. ஆயுசு பூரா ஆணியை மறைச்சேன். நல்லா மறைச்சேன்னு ஒருத்தன் சொன்னதில்ல. ஒரு தடவை வெளிய தெரிஞ்சுது, ஜோரா இருக்குதாம்."

பொட்டுக் கத்தி பிறந்த கதை இதுதான். மாதனூரிலிருந்து கணியம்பாடிவரை ஆள் அனுப்பி அதைக் கேட்டார்கள். மற்றப் பட்டறைகளும் பார்த்துப் பொட்டு வைத்தன. பாய் மட்டும் அதைத் தொடமாட்டார். "அந்தப் பேஜார் எல்லாம் நீ பாத்துக்கோ" என்று யூசுபிடம் விட்டுவிட்டார். தன்னைத் தேடி வந்தவர்களுக்குக் கடைசிவரை குருட்டு ஆணிதான் வைத்தார். ஷாகிரா தகட்டைப் பார்த்து ஓரத்தை வெட்டி அவர் கையில் கொடுப்பாள். பட்டறையில் அந்தப் பெயரைச் சொல்ல எல்லோரும் தயங்கத் தொடங்கினார்கள். "அந்த ஆணி" என்று முணுமுணுப்பார்கள். "இன்னாத்துக்கு முழுங்கறீங்க? குருட்டு ஆணின்னு சொல்லுங்க. அதுக்கு அந்தப் பேர் வச்சப்ப எனக்கு ரெண்டு கண்ணும் இருந்துச்சு" என்று இரைவார்.

கண்ணில் புரை. வேலூரில் டாக்டரிடம் போனால் எடுத்துவிடுவார்கள் என்று நான் பலமுறை சொன்னேன். அவருடைய அண்ணனுக்கு முன்பு எப்போதோ குடியாத்தம் சந்தையில் ஓர் ஊர்சுற்றி வைத்தியன் கண்ணில் ஊசியை விட்டுப் புரையைத் தள்ளினான். சில நாள் நன்றாகத் தெரிந்திருக்கிறது. பிறகு அந்தக் கண் அழுகியே போய்விட்டது. இது அப்படிப்பட்ட வைத்தியம் இல்லை என்றேன். நோன்பு முடியட்டும் என்றார். மாம்பழக் காலம் போகட்டும் என்றார். "போய்ட்டு வந்தா கட்டு போட்டுக்கிட்டு எத்தனை நாள் படுக்கணும்? மண்டிக்குத் தெரிஞ்சுடாதா? உங்க ஸ்கூல்ல அந்தத் தையல் டீச்சரம்மாவுக்குக் கண்ணு மங்கிச்சே, இன்னா பண்ணாங்க?" என்று ஒருநாள் திருப்பிக் கேட்டார். பள்ளிக் கமிட்டியார் அந்த டீச்சருக்கு மாலை போட்டு, நல்ல வார்த்தை நாலு பேசி, வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த அம்மாள் ஊசியில் நூல் கோக்கச் சிறுமிகளைக் கூப்பிடுவதை யாரோ பார்த்துவிட்டார்கள், அவ்வளவுதான் குற்றம்.

நான் விடாமல் நச்சரித்தபோது பாய் கடைசியாக ஒரு நிபந்தனை போட்டார். "என் கண்ணுல வர்ற கத்தி நான் செஞ்சதா இருந்தா இன்னிக்கே போறேன்." அதையும் யோசித்துப் பார்த்துவிட்டு, "சரி, வேற எவனோ செஞ்சதாவே இருக்கட்டும். அந்த டாக்டர் கத்திக்குப் பிடி எப்படி இருக்கும்? பூண் உண்டா? ஆணி தெரியுமா, தெரியாதா? யாராவது பார்த்துட்டு வந்து சொல்லுங்க. வேலைக்காரன் செஞ்சதுன்னு தெரிஞ்சா அப்புறம் யோசிக்கலாம்" என்றார். எல்லோரும் சிரித்தோம். யாரும் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லவில்லை.

கடைசி வருஷங்களில் எதன் நிறத்தையும் கேட்பார். என் புடவை இன்னா கலர், ஷாகிரா பெண்ணின் வளையல் இன்னா கலர், பாலாற்றில் தண்ணீர் வந்ததா, வந்தால் இன்னா கலர். தோல் கொட்டகைக் கழிவு கலந்து ஓடும் வாய்க்காலின் நிறத்தைக்கூடக் கேட்டார். நான் உள்ளபடி சொன்னேன். "அப்ப மாறல" என்றார். சோர்ந்திருந்த ஒருநாள் என் கையைத் தொட்டு, "நான் போன அப்புறம் எல்லாருக்கும் சொல்லிடுங்க. சத்தார் பொட்டு வச்ச கத்தி செய்றவன் இல்ல, அது கண்ணு தெரியாம நடந்த தப்புன்னு சொல்லிடுங்க. இப்ப வேணாம். இப்ப சொன்னா வீட்டுல அடுப்பு நின்னுடும்" என்றார். இன்று சொல்லிவிட்டேன். யூசுபும் ஷாகிராவும் சம்மதித்த பிறகே சொல்கிறேன். பட்டறை அவர்கள் கையில் நன்றாக நடக்கிறது. யூசுப் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் கத்தியில் இரண்டு பொட்டு இருந்தால் அதை அழகென்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை முதலில் செய்தவருக்கு அது அழகாக இருந்ததில்லை.

பாய் இறந்த அன்று முற்பகலில் ஆண்கள் ஜனாஸாவோடு அடக்கத்துக்குப் போன பிறகு ஷாகிரா வீட்டுக்குப் போனேன். வாசற்படி ஏறும்போது என் கால் விளிம்பில் இடறியது. உள்ளே பெண்கள் ஓதிக்கொண்டிருந்தார்கள். ஷாகிரா அழுது முடித்த முகத்தோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"டீச்சரம்மா, படி தெரியலியா?"

"ராத்திரி சரியாத் தூங்கல" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பதிலை அந்த வீட்டில் அவள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். மறுபடி கேட்காமல் என் கையில் தண்ணீர்ச் செம்பைக் கொடுத்தாள். கொடுத்தாள் என்பதைவிட, என் விரல்கள் செம்பைப் பிடிக்கும்வரை விடாமல் வைத்திருந்தாள் என்று சொல்லவேண்டும்.

என் வலது கண்ணில் சில மாதங்களாகப் பனி படர்ந்ததுபோல் இருக்கிறது. விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது. தாள் திருத்த நான் சன்னலோரம் போவது காற்றுக்காக என்றுதான் பள்ளியில் நினைக்கிறார்கள். கடைசி வரிசைப் பெண்களைக் குரலை வைத்து அடையாளம் கண்டு பெயர் சொல்கிறேன். கரும்பலகையில் எழுதியதைச் சத்தமாகப் படிக்கச் சொல்கிறேன். அது உச்சரிப்புப் பயிற்சி என்று பெயர். வீட்டில் அம்மாவும், கணவனை இழந்த தங்கையும், தங்கை பிள்ளைகளும் இருக்கிறார்கள். சம்பாதிப்பவள் நான் ஒருத்தி. தையல் டீச்சருக்குப் போட்ட மாலையை நான் மறக்கவில்லை. மறைப்பதும் ஒரு வேலையாகிவிட்டது. மற்ற வேலைகளைவிட அதுதான் என்னை அதிகம் களைக்க வைக்கிறது.

சத்தார் பாயிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்தக் கத்தி. கண் நன்றாக இருந்த காலத்தில் அவர் எனக்கென்று செய்தது. பூண் பட்டைத் தண்ணீர்க் கைகளில் அடிபடாததால் இன்னும் மின்னுகிறது. ஆணி எங்கே என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இத்துடன் அவருடைய ஒரு கேள்வியும் என்னிடம் இருக்கிறது. "தெரியுதா?" என்று அவர் என்னிடம் கேட்டது போல் என்னை யாரும் இப்போது கேட்பதில்லை. ஷாகிரா ஒருத்தி கேட்டாள். அவளுக்கு நான் உண்மை சொல்லவில்லை.

தாள்களைத் திருத்திக் கொடுத்துவிட்டால் விடுமுறை. முதல் திங்கட்கிழமை காலை ரயிலில் காட்பாடி போய், அங்கிருந்து வேலூருக்குக் கண் டாக்டரைப் பார்க்கப் போகிறேன். அம்மாவிடமும் தங்கையிடமும் சொல்லவில்லை. கமிட்டியாரிடம் சொல்லும் தைரியம் இந்த வரியை எழுதும்போதுதான் வருகிறது. கட்டுப் போடவேண்டும் என்றால் போட்டுக்கொள்வேன். ஆனால் படுக்கையில் சாய்வதற்கு முன் டாக்டரின் கத்தியை என் கையில் ஒரு நிமிஷம் கொடுக்கச் சொல்லிக் கேட்பேன். இன்னும் தெரிகிற இடது கண்ணால் அதன் பிடியைப் பார்க்கவேண்டும். பார்த்துவிட்டு, ஆணி இருந்தால், நகத்தாலும் ஒருமுறை வருடவேண்டும்.